இரண்டு சகலைகளும் ஒரே டோக்கனும்

அந்த மருத்துவமனையின் கணினி அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு இரும்புப் பீரோ. அதற்குள் ஒன்றுமே கிடையாது. பெரிய சகலை அதைக் கிடங்கிலிருந்து ஆள் வைத்துத் தூக்கி வந்து அங்கே நிறுத்தியதே, சின்ன சகலையின் முகம் தன் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான்.

அக்காவை ஒருவரும் தங்கையை ஒருவரும் கட்டியிருந்தார்கள். பெரியவர் எழுதியது வார்டு மென்பொருள். எந்தக் கட்டிலில் யார், அவருக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். சின்னவர் எழுதியது பரிசோதனைக்கூட மென்பொருள். யாருடைய ரத்தத்தில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். இரண்டும் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை. இரண்டும் நர்ஸுகளின் கையில் காலையிலிருந்து மாலை வரை ஓடின. எழுதியவர்கள் மட்டும் பேசிக்கொண்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது.

மாமனாரின் எழுபதாவது பிறந்த நாளில் வந்த வினை அது. இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிக்கு ஒரு லாகின் பக்கம் எழுத வராது. என் ஃபைலைக் காப்பியடிச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தாரு." எல்லோரும் சிரித்தார்கள். சின்னவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் ஒன்றே சொன்னார்: "அவர் எழுதின ஒரு வரிகூட இப்ப என்கிட்ட இல்ல. எல்லாத்தையும் மாத்தியாச்சு."

வியாழக்கிழமை மேனேஜரின் அறையில் கூட்டம் நடந்தது. மூன்றாம் மாடி சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். பதினெட்டு வருஷமாக அந்த வார்டில் இருப்பவர். செவ்வாய்க்கிழமை, பதினோராம் கட்டில்காரருக்கு டாக்டர் சொன்ன எட்டு யூனிட் இன்சுலினை அவர் கணினியில் பதினான்காம் கட்டிலுக்கான பக்கத்தில் பதிந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. பதினான்காம் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் கணினியில் இருந்ததை நம்பி ஊசியைப் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் வாத்தியார் வியர்த்துக் கொட்டி, நினைவு தப்பி, எப்படியோ பிழைத்தார்.

"திரையில பதினோராம் கட்டில் பேருதான் சார் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் சேமிச்சேன்" என்றார் சிஸ்டர்.

பெரியவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். "உங்க எண்ணுலதான் பதிவு. பத்து மணி பன்னெண்டு நிமிஷம். பதினாலாம் கட்டில். என் மென்பொருள் கண்ணு தெரியாம எழுதாது. வேணும்னா பக்கத்து மேசைக்காரரைக் கேளுங்க, அவரோடது எதையாவது கிளறி விட்டிருக்கும்."

"என் மென்பொருள் மருந்துப் பக்கத்தைத் தொடவே தொடாது சார்" என்றார் சின்னவர், பெரியவரைப் பார்க்காமல். "படிக்க மட்டும்தான். கண்டவங்க வீட்டுக்குள்ள நுழையுற பழக்கம் எங்களுக்கு இல்ல."

"நுழையத் தெரிஞ்சாத்தானே."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றார் மேனேஜர். "ரெண்டு மென்பொருளும் சரின்னு சொல்றீங்க. அப்போ மிச்சம் இருக்கறது மனுஷ தப்பு. திங்கக்கிழமை காலையில கமிட்டி. அதுவரைக்கும் சிஸ்டர் கணினியைத் தொட வேண்டாம்."

கமிட்டி என்றால் வேலை போகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சிஸ்டர் வெளியே போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருந்தால்கூடச் சின்னவருக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

வீட்டில் அவர் மனைவி கேட்டாள்: "எந்த சிஸ்டருங்க? நம்ம பாப்பா காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, மருந்து வண்டி கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னு சக்கரத்துல பஞ்சு சுத்தி ஓட்டுனாங்களே, அவங்களா?"

"அவங்கதான்."

"வண்டிச் சத்தத்துக்கே அவ்வளவு பாக்கறவங்க, கட்டிலை மாத்திப் போடுவாங்களா?"

"அது உங்க அத்தான் மென்பொருள்ல இருக்கற ஓட்டை. நாளைக்குப் போய்த் தோண்டி எடுக்கறேன்."

"சிஸ்டருக்காகவா, அத்தானைக் கவுக்கவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லீங்க" என்றாள் அவள், துணிகளை மடித்தபடி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சின்னவர் மூன்றாம் மாடிக்குப் போனார். பெரியவருக்கு எதிராக ஒரு சாட்சி வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. உள்ளதை மறைப்பானேன், கருணையால் போகவில்லை. ஆனால் கடவுள் நம்மை எந்த வாசல் வழியாகவும் உள்ளே அழைத்துக்கொள்வார், பொறாமை என்ற வாசல் வழியாகவும்கூட.

சிஸ்டர் கிடங்கு மூலையில் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மருந்து வண்டி நின்றது. முன்சக்கரத்தில் இன்னும் பஞ்சு சுற்றியிருந்தது, அழுக்கேறி.

"அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு செஞ்சு காட்ட முடியுமா சிஸ்டர்?"

அவர் எண்ணுவதை நிறுத்தினார். "நாலு நாளா நான் என்ன செஞ்சேன்னு எல்லாரும் எனக்குச் சொல்லிட்டு இருக்காங்க. செஞ்சு காட்டுன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். கணினியைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் தொடறேன். நீங்க சொல்லுங்க."

மென்பொருளில் ஒத்திகைக்கென்று வைத்திருந்த போலி நோயாளிகள் இருவரின் பதிவுகளைச் சின்னவர் எடுத்துக்கொண்டார். சிஸ்டர் பின்னால் நின்று சொல்லச் சொல்லச் செய்தார்.

"பதினோராம் கட்டில் பக்கத்தைத் திறந்தேன். டாக்டர் சொன்ன இன்சுலினை எழுதினேன். சேமிக்கறதுக்குள்ள லேப்ல இருந்து போன். பதினாலாம் கட்டில்காரர் ரத்த முடிவு வந்துடுச்சு, உடனே பாருங்கன்னாங்க. பக்கத்துலயே இன்னொரு ஜன்னல் திறந்து உங்க லேப் பக்கத்துக்குப் போனேன்."

"மறுபடி பாஸ்வேர்ட் போட்டீங்களா?"

"எதுக்குப் போடணும்? மூணு மாசமா ஒரு தடவை போட்டா ரெண்டுமே தெறக்குதே. நீங்கதான் செஞ்சு குடுத்தீங்கன்னு எல்லாரும் உங்களைப் புகழ்ந்தோம்."

சின்னவரின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. அந்தப் புகழ்ச்சி அவர் காதுக்கும் வந்திருந்தது. தான் ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு கணம் யோசித்தார். கிடைத்த நல்ல பெயரை எதற்கு விடுவது என்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். அதே புகழ்ச்சி பெரியவருக்கும் போயிருக்கும். அவரும் தலையை ஆட்டியிருப்பார்.

"அப்புறம்?"

"பதினாலாம் கட்டில் முடிவைப் பாத்தேன். டாக்டருக்குப் போன்ல சொன்னேன். பழைய ஜன்னலுக்குத் திரும்பினேன். பதினோராம் கட்டில் பேரு அப்படியே இருந்துச்சு. சேமின்னு அழுத்தினேன்."

சின்னவரும் அழுத்தினார். திரையில் முதல் நோயாளியின் பெயர் இருந்தது. 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. இரண்டாம் நோயாளியின் பக்கத்தைத் திறந்தார். இன்சுலின் அங்கே இருந்தது.

சிஸ்டர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நேத்து டாக்டரைப் போய்ப் பாத்தேன் தம்பி" என்றார்.

சின்னவர் படியிறங்கி வரும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவர் உள்ளே நுழைந்தால் மென்பொருள் அவருக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். அந்த டோக்கனுக்கு சர்வரில் ஒரு பெட்டி உண்டு. வந்தவர் யார், எந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்திருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும். அதைத்தான் செஷன் என்பார்கள். முன்பு இரண்டு மென்பொருளும் தனித்தனி இயந்திரங்களில் தனித்தனி முகவரிகளில் இருந்தன. ஒன்றின் டோக்கன் மற்றொன்றுக்குப் போகாது. மூன்று மாதத்துக்கு முன் இரண்டையும் ஒரே சர்வருக்கு, ஒரே முகவரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு டோக்கனுக்கும் பெயர் ஒன்றாக இருந்தால் பெட்டியும் ஒன்றாகிவிடும். அவருடைய லேப் பக்கம் பதினான்காம் கட்டிலின் எண்ணைப் பெட்டியில் போட, பெரியவரின் வார்டு பக்கம் அதை எடுத்துத் தன்னுடையது என்று நினைத்து எழுதிவிட்டது. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் சொக்கத் தங்கம். சேர்த்துச் சோதிக்க இருவரும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மேசைக்கு வந்து லாகின் ஃபைலைத் திறந்தார். நான்கு வருஷமாகத் திறக்காத ஃபைல். மற்றதையெல்லாம் உண்மையிலேயே மாற்றியிருந்தார். இது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் தொடவில்லை. டோக்கனுக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை; வைக்காவிட்டால் பி.எச்.பி. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிடும். பெட்டிக்குள் நோயாளி எண்ணுக்கு வைத்த பெயரும் பெரியவர் வைத்ததுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கணினி படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு வரி ஒன்று இருந்தது:

'தம்பிக்காக எழுதியது. புரியலைன்னா கூச்சப்படாம கேளு.'

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

பிறகு ஒரு கெட்ட யோசனை வந்தது. டோக்கனுக்கு வேறு பெயர் வைப்பது ஒரே ஒரு வரி. அதை இப்போதே எழுதிவிட்டால் தவறு தானாகவே மறைந்துவிடும். யாராலும் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியாது. காப்பி என்று பெரியவர் சொன்னது உண்மை என்று யாருக்கும் தெரியாது. சிஸ்டர் மட்டும் திங்கட்கிழமை வீட்டுக்குப் போவார். சின்னவர் அந்த வரியை எழுதியேவிட்டார். விரல் சேமிக்கும் விசையின்மேல் இருந்தது. அவருக்குத் தினமும் காலையில் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கடவுளை வேண்டி நிற்கும் வழக்கம் உண்டு. அன்று காலை அவசரத்தில் நிற்கவில்லை. இப்போது நாற்காலியிலேயே கண்ணை மூடினார். பஞ்சு சுற்றிய சக்கரம்தான் தெரிந்தது.

எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். எழுந்து பீரோவைச் சுற்றிக்கொண்டு போனார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "வழி தவறி வந்துட்டீங்களா?"

"ஒரு விஷயம் காட்டணும்."

"மேனேஜருக்கு மெயில் போடுங்க. வழக்கமா அப்படித்தானே."

"அண்ணே, பாருங்க. அப்புறம் திட்டுங்க."

அண்ணே என்ற சொல் அந்த அறையில் கேட்டு நாளாகியிருந்தது. பெரியவர் முகம் இளகவில்லை, ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். சின்னவர் நின்றுகொண்டே செய்து காட்டினார். முதல் நோயாளி, இரண்டாவது ஜன்னல், திரும்பவும் முதல் ஜன்னல், சேமி. பெரியவர் மவுஸை வாங்கித் தானே இரண்டு முறை செய்து பார்த்தார். மூன்றாவது முறை செய்யவில்லை.

"டோக்கன் பேரு எப்படி ஒண்ணாச்சு?"

"ரெண்டு பேரும் பேரே வைக்கல."

"உள்ள இருக்கற பேருமா ஒண்ணு?"

"ஒரே ஃபைல்ண்ணே. நீங்க குடுத்தது."

பெரியவர் மெல்லத் திரும்பினார். "மாத்திட்டேன்னு ஊரெல்லாம் சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அடேங்கப்பா." அவர் சிரித்த சிரிப்பில் ஈரமே இல்லை. "நாலு வருஷம். என்னைப் பொய்யன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. நம்ம மாமியார் எங்கிட்ட ஒரு வருஷம் முகம் குடுத்துப் பேசல. இப்ப வந்து நிக்கிற."

"இருபது பேர் முன்னாடி நீங்க சொன்னது உண்மைதான். ஆனா சோத்துல கை வெச்சிருந்தவனைப் பாத்துச் சொன்னீங்க. அது மட்டும் எனக்கு இன்னும் இறங்கல."

"அதுக்குத்தான் வந்தியா?"

"இல்ல. திங்கக்கிழமை கமிட்டியில இதைச் செஞ்சு காட்டப் போறேன். வார்டு பக்கம் உங்களோடது. நீங்களும் வந்து ஒத்துக்கிட்டாத்தான் நம்புவாங்க."

"ஒத்துக்கிட்டா? எழுதினது நானு. பேரு வைக்காம விட்டது நானு. நீ காப்பியடிச்சவன், தப்பிச்சுக்குவ. என் தலைதான் உருளும்."

"ரெண்டு தலையும் உருளட்டும். சிஸ்டர் தலை ஏன் உருளணும்?"

"போய் வேலையைப் பாரு."

சின்னவர் பீரோவைச் சுற்றித் தன் மேசைக்குத் திரும்பினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரியவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவர் நினைத்தால் அந்த ஒரு வரியைத் தன் பக்கத்தில் எழுதிவிட முடியும். சின்னவர் ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை திறந்து பார்த்தார். தவறு அப்படியே இருந்தது. ஒரு தவறு இருப்பதைக் கண்டு நன்றி சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை கமிட்டி அறையில் மேனேஜர், மேட்ரன், இரண்டு டாக்டர்கள், வாத்தியாரின் மகன். சிஸ்டர் அதே சுவரோரம். பெரியவர் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவர் எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார்.

"இது ஏதோ மாயாஜாலம் மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர். "சிஸ்டரைக் காப்பாத்த நீங்களே ஏதும் ஏற்பாடு பண்ணலைன்னு எப்படித் தெரியும்? வார்டு மென்பொருள்காரர் என்ன சொல்றாரு?"

அறை முழுவதும் பெரியவரைப் பார்த்தது. அவர் உடனே எழவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பழைய ஒப்புதல் படிவம்.

"சர்வர் மாத்தறப்ப இதுல ஒரு வரி இருந்துச்சு சார். மற்ற மென்பொருளுடன் சேர்த்துச் சோதிக்கப்பட்டதா? இதோ, நான் டிக் போட்டிருக்கேன். பக்கத்துல தம்பியோட டிக். சேர்த்துச் சோதிக்கல. நாங்க பேசறதே இல்ல. அந்த லாகின் ஃபைல் நான் எழுதினது. பேரு வைக்காம விட்டது என் தப்பு. சிஸ்டர் கண்ணுல கோளாறு இல்ல. எங்க ரெண்டு பேர் புத்தியிலதான்."

"எங்கப்பா செத்திருப்பாருய்யா!" என்று வாத்தியாரின் மகன் எழுந்தார். "நீங்க பேசிக்கலைன்னா அவரு ஏன்யா சாகணும்?"

மகன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

சிஸ்டர்மேல் இருந்த குற்றச்சாட்டு அன்றே நீங்கியது. சகலைகள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. அன்று பிற்பகலே ஒவ்வொரு மென்பொருளின் டோக்கனுக்கும் தனிப் பெயரும் தனிப் பாதையும் வைக்க வேண்டும் என்று உத்தரவு. சேமிக்கும்போது திரையில் உள்ள நோயாளியும் பெட்டியில் உள்ள நோயாளியும் ஒருவர்தானா என்று ஒத்துப் பார்க்கும் இன்னொரு பூட்டையும் பெரியவர் தானாகவே சேர்ப்பதாகச் சொன்னார்.

வராந்தாவில் இருவரும் சிஸ்டர் முன்னால் போய் நின்றார்கள்.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்றார் சின்னவர்.

"இப்ப உடனே வராது" என்றார் சிஸ்டர். "ஆறு நாள் நான் என்னையே நம்பல. வீட்டுல அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை போய்ப் பாத்தேன். அது சரியாக நாளாகும். எங்கிட்ட நிக்காதீங்க. பதினாலாம் கட்டிலுக்குப் போங்க, ரெண்டு பேருமா. பாஸ்வேர்ட் மாதிரி ஒருத்தர் சொன்னா ரெண்டு பேருக்கும் போதும்னு நெனைக்காதீங்க."

படியேறும்போது பெரியவர் முணுமுணுத்தார்: "நீதான் முதல்ல பேசற."

"நீங்க மூத்தவரு."

"இப்பதான் ஞாபகம் வருதா அது?"

வாத்தியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் ஜன்னலோரம் நின்று இவர்களை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பெரியவர் சின்னவரை முழங்கையால் இடித்தார். சின்னவர் ஆரம்பித்தார். பாதியில் பெரியவர் சேர்ந்துகொண்டார். டோக்கன், பெட்டி, பேசாத நான்கு வருஷம் எல்லாவற்றையும் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் இரண்டு இடத்தில் திருத்தினார். அதற்கும் ஒரு சின்னச் சண்டை வந்தது.

வாத்தியார் கடைசி வரை கேட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. மகனைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். அந்த அறையில் உட்கார நாற்காலி இல்லை.

மெதுவாகப் போர்வைக்குள் இரண்டு கால்களையும் மடக்கிக் கட்டிலின் ஓரத்தில் இடம் விட்டார்.

"நின்னுட்டே எவ்வளவு நேரம் சொல்வீங்க" என்றார். "உக்காந்து, அந்தப் பெட்டிக் கணக்கை முதல்லேர்ந்து மறுபடி சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா."

ஒருவருக்கு மட்டுமே போதுமான இடம் அது. இருவரும் தோள் இடிக்க உட்கார்ந்தார்கள்.